புத்தகப்படி கட்டிய பெட்டி

நாத்தனார் எழுதிய புத்தகத்தில் அண்ணி ஆறு முறை வெளிநாடு போயிருந்தாள். ஆறு முறையும் ஏதாவதொரு கூத்து அடிக்காமல் திரும்பியதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் கைப்பைக்குள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சோதனை வாசலில் மாட்டினாள். நான்காம் அத்தியாயத்தில், கடைப் பசை வாசனை போகாத புது ஷூவோடு கிளம்பி, மூன்றாம் நாள் குதிகால் முழுக்கக் கொப்புளத்தோடு ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் படியில் உட்கார்ந்து அழுதாள். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதாகப் பதிப்பாளர் சொன்னார்.

நிஜ அண்ணி ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை.

பத்தொன்பது வருடம் விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் உட்கார்ந்து ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பியவள் அவள். சம்பளம் கொடுத்தது விமானக் கம்பெனி அல்ல, கவுன்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி. அதனால் இலவச டிக்கெட் என்ற பேச்சே எழவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்ப்பாள், "இருபத்தி நாலரை" என்பாள், எடை எந்திரம் பிறகு அதையே சொல்லும். வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசக்கா. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. பெற்றோர் வைத்த பெயர்போல் இல்லை, அது அவள் சம்பாதித்த பெயர்.

மாமனார் படுக்கையில் விழுந்த வருடம் வேலையை விட்டாள். அவர் போய்ச் சேர இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் அவர் பெற்ற மகள், அதாவது தராசக்காவின் நாத்தனார், எட்டு நாடு சுற்றினாள். எட்டுக்கும் பெட்டி கட்டிக் கொடுத்தது தராசக்காதான்.

நாத்தனார் மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தாள். மாநாடு மாநாடாகப் பறப்பாள். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது காலிப் பெட்டியும் ஒரு மூட்டைத் துணியுமாக அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "அண்ணி, உங்க கை பட்டாத்தான் இது மூடும்" என்பாள். அந்த வார்த்தைக்காகவே தராசக்கா சமையலை அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கட்டும்போது கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. "கனமானதெல்லாம் சக்கரத்துப் பக்கம் வரணும்மா. பெட்டிய நிக்க வச்சா அதான் அடி. மேல கனம் இருந்தா குப்புற விழும்." "ஷூவுக்குள்ள சாக்ஸ சுருட்டி வை, அந்த எடத்த காத்துக்கு ஏன் கொடுக்கணும்." "பழைய பயணத்துல ஒட்டின சீட்டெல்லாம் கிழிச்சிரு. இல்லேன்னா பெட்டி உன்னோட வராம போன வருஷம் போன ஊருக்கே போயிரும்." "ஒரு நாள் மாத்துத்துணி கைப்பையில. பெட்டி வராட்டியும் மனுஷியா இருக்கணும்ல." நாத்தனார் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்தபடி ம் கொட்டுவாள். கேட்கவே இல்லை என்றுதான் தராசக்கா நினைத்திருந்தாள்.

பாதி கேட்டிருக்கிறாள். அந்தப் பாதிதான் புத்தகமாகியிருந்தது.

புத்தகம் வந்த அன்று முதல் பக்கத்தில், 'என் சிரிப்புக்கெல்லாம் காரணமான அண்ணிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள் நாத்தனார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தராசக்கா படிக்க ஆரம்பித்தாள். கத்தரிக்கோலோடு மாட்டியது நாத்தனார். கொப்புளத்தோடு படியில் உட்கார்ந்து போனில் அழுதது நாத்தனார். சாக்ஸை இரண்டாக மடித்துக் கொப்புளத்துக்கு மெத்தை வைக்கச் சொன்னது தராசக்கா. புத்தகத்தில் எல்லாம் இடம் மாறியிருந்தது. சொன்னவள் செய்தவளாகியிருந்தாள். முதலில் அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. குடும்பத்துக்குள் இப்படி ஒருத்தரை ஒருத்தர் ஓட்டுவது புதிதா என்ன.

ஏழாம் அத்தியாயம் வரைதான் அந்தச் சிரிப்பு தாங்கியது.

அது ஆறு வருடத்துக்கு முன் நடந்தது. திடீர்ப் பயணம் என்று நாத்தனார் தானே பெட்டி கட்டிக்கொண்டு நேராக விமான நிலையம் வந்திருந்தாள். முப்பத்தொரு கிலோ. வரிசையில் நூறு பேர். பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்ததெல்லாம் பொங்கித் தரையில் சரிந்தது, உள்ளாடை உட்பட. நாத்தனார் கை இரண்டையும் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பக்கத்துக் கவுன்டரிலிருந்து தராசக்கா எழுந்து வந்தாள். சீருடைக் கோட்டைக் கழற்றி அந்தத் துணிகளின் மேல் போட்டு மறைத்தாள். தரையில் முட்டி போட்டாள். பதினோரு நிமிடத்தில் பெட்டியை இருபத்து மூன்று கிலோவாக்கினாள். இடத்தை விட்டு எழுந்ததற்காக அன்று மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நாத்தனார் எழுதியிருந்தாள்: 'அண்ணியின் உள்ளாடைகள் ஊர் பார்க்கத் தரையில் கிடந்தன. அவளோ சிலை. நான்தான் முட்டி போட்டு உட்கார்ந்து அவளுடைய மானத்தைப் பொறுக்கி எடுத்தேன்.'

தராசக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தன் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. அது எவ்வளவு அபத்தமான காரியம் என்று தெரிந்தும் இன்னொரு தடவை தொட்டாள். யோசனைகளை எடுத்துக்கொண்டதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. யோசனை என்பது சொல்லிவிட்டால் காற்றில் போகிற பொருள். ஆனால் அவள் முட்டி போட்ட நேரத்தையே ஒருத்தி எடுத்து மாட்டிக்கொண்டு, அவமானத்தை மட்டும் கழற்றி இவளுக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

கணவனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கினான். "தமாஷுக்கு எழுதியிருக்கா. உன் பேரையா போட்டிருக்கா? அண்ணின்னுதானே போட்டிருக்கா."

"அவளுக்கு எத்தன அண்ணி?"

அவன் செய்தித்தாளை விரித்துக்கொண்டான்.

வாரம் போகப் போகப் புத்தகம் தெருவுக்குள் வந்தது. காய்கறிக் கடையில் எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, கத்தரிக்கோல வீட்டுலயே வச்சிட்டு வந்தீங்கதானே" என்றாள். அதைக்கூட விழுங்கிவிட்டாள். பழைய கவுன்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்ததைத்தான் விழுங்க முடியவில்லை. "அக்கா, அந்தப் புஸ்தகத்துல வர்ற அண்ணி நீங்களாமே. நான் நம்பல. ஆனா எல்லாரும் சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் கேலி இல்லை, ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. தராசக்கா, "எனக்கென்ன தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

அன்று பென்சிலை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள், பிழைகளைப் பார்ப்பதற்காக. பதினோரு பிழை இருந்தது. எல்லாம் பாதி கேட்டதால் வந்த வினை. காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகளில் துணியை அமுக்கினால் 'இரண்டு மடங்கு கொண்டுபோகலாம்' என்று எழுதியிருந்தாள். அமுக்கினால் இடம்தான் குறையும், எடை குறையாது என்று இவள் சொன்னது அந்தக் காதில் ஏறவில்லை. ஷாம்பு பாட்டில் எவ்வளவு பெரிதானாலும் பாதி காலியாக இருந்தால் கைப்பையில் விடுவார்கள் என்றிருந்தது. சோதனை வாசலில் பார்ப்பது பாட்டிலின் அளவை, உள்ளே இருப்பதை அல்ல. இவள் எப்போதும் நூறு மில்லி பாட்டிலில் பாதி நிரப்பிக் கொடுப்பாள், விமானத்தில் அழுத்தம் மாறும்போது பொங்கி வழியாமலிருக்க. அதைப் பார்த்து அவளாகக் கட்டிய கதை. இருபத்திரண்டாம் பக்கத்தில், போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடச் சொல்லியிருந்தாள். ஒரு தடவை விமான வாசலில் இடமில்லை என்று நாத்தனாரின் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குள் இருந்த பவர் பேங்க் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து, அதன் இடம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பேட்டரி எந்த நாளும் கையோடுதான் வரவேண்டும். விமான வாசலில் வாங்கும் பெட்டி கீழே இருக்கும் ஸ்கேன் எந்திரத்துக்குள் போவதில்லை, ஆனால் கவுன்டரில் கொடுக்கும் பெட்டியில் போட்டால் அந்த எந்திரம் பிடித்து நிறுத்திவிடும். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூடத் தப்பிப் போய் அவள் பார்த்ததில்லை.

நாத்தனாருக்குப் போன் செய்து சொல்லத்தான் அந்தப் பதினொன்றையும் குறித்தாள். எண்ணையும் அழுத்தினாள். மணி அடிக்கும்போதே ஒரு எண்ணம் வந்தது. அடுத்த பதிப்பில் இந்தப் பதினொன்றும் திருத்தப்பட்டிருக்கும், திருத்தியவள் பெயர் இருக்காது. இன்னொரு பிழையைச் செய்தவளாக அண்ணி ஓர் அத்தியாயத்தில் வந்து நிற்பாள். நாத்தனார் எடுப்பதற்குள் துண்டித்தாள். புத்தகத்தை மூடி வைத்தபோது மனம் அதிசயமாக அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அடுத்த மாதம் நாத்தனார் பதிப்பாளரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். வெளிநாட்டில் ஒரு பயணக் கண்காட்சி. மேடையில் ஏறிப் பெட்டி கட்டிக் காட்ட வேண்டும், பேச வேண்டும். கண்காட்சிக்காரர்கள் இன்னொன்றும் கேட்டார்களாம்.

"அண்ணிய பாக்கணுங்கறாங்க," என்றார் பதிப்பாளர். பருமனான மனிதர், எப்போதும் போனைப் படம் எடுக்கும் வாக்கில் பிடித்துக்கொண்டே பேசுவார். "ரெண்டு டிக்கெட் அனுப்பியிருக்காங்கம்மா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நின்னு தப்புத்தப்பா பெட்டி கட்டினா போதும்."

"வாங்க அண்ணி," நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "உங்களுக்கும் ஒரு ப்ளேன் ஏறின மாதிரி இருக்கும்."

தராசக்கா அந்தக் கையைப் பார்த்தாள். மென்மையான, நகம் உடையாத கை. ஒரு பெட்டியின் ஜிப்பைக்கூட இழுத்துப் பழகாதது.

"சரி, வரேன்," என்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வழக்கமான மூட்டை வந்தது. "வழக்கம்போல நீங்களே கட்டிடுங்க அண்ணி," என்று நாத்தனார் கட்டிலில் சாய்ந்தாள். பதிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து போனை நீட்டினார். முன்னோட்டமாகப் போட ஒரு படம் வேண்டுமாம்.

"எப்படிக் கட்டட்டும்?" என்று கேட்டாள் தராசக்கா.

"இதென்ன கேள்வி. புத்தகப்படிதான்."

"புத்தகப்படியே கட்டிடலாம்," என்றாள். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்துத் தலையணையில் சாய்த்து வைத்தாள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது பக்க எண்ணை உரக்கச் சொன்னாள். பதிப்பாளருக்கு ஏக சந்தோஷம். "பக்கம் பதினெட்டு, காத்து உறிஞ்சற பை." குழாயைப் பொருத்தி உறிஞ்சியதும் கம்பளிச் சட்டைகள் அப்பளமாகச் சப்பின. ஆறு கோட்டு, பதினான்கு உடை. கை தானாகவே எடையைச் சொல்லிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, இருபத்தேழு. வாயை மூடிக்கொண்டாள். ஷாம்பு, தைலம், முகத்துக்குப் போடும் பசை, எல்லாம் பெரிய பாட்டில், எல்லாம் பாதி காலி. "பக்கம் முப்பது" என்று கைப்பையில் அடுக்கினாள்.

பவர் பேங்கைக் கையில் எடுத்தபோதுதான் விரல்கள் தயங்கின. அவளுக்குள் கவுன்டரில் உட்கார்ந்திருந்த பெண் இன்னும் சாகவில்லை போலிருக்கிறது. அவள் வாயைத் திறந்தாள்.

"இது பெரிய பெட்டியிலதான் போகணுமா? நிச்சயமா?"

நாத்தனார் கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள், படத்தில் விழுகிற தூரத்துக்கு. அண்ணியின் தோளில் கை போட்டுப் போனைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, இதுதான் எங்க அண்ணி. புத்தகத்த எதிர்ல வச்சிக்கிட்டு கேக்கற கேள்விய பாருங்க. பக்கம் இருபத்திரண்டு அண்ணி, படிக்கத் தெரியுந்தானே?"

"தெரியும்," என்றாள் தராசக்கா. பவர் பேங்கை அப்பளத் துணிகளுக்கு நடுவில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஒரு தடவை கேட்டாகிவிட்டது. இனிமேல் தன் மனசாட்சி எதைக் கேட்டாலும் காட்டுவதற்கு அந்த ஒரு கேள்வி இருக்கிறது. அதற்காகவே கேட்டேனோ என்று பிறகு தோன்றியது. அந்தச் சந்தேகம் அவளை உறுத்தவில்லை. ஒருவிதத்தில் இனித்தது.

"உங்க பெட்டியிலயும் ஏதாவது தமாஷா வச்சுக்குங்கம்மா," என்றார் பதிப்பாளர். "ஒரு வாணலி, ஒரு கத்தி, இந்த மாதிரி."

"என் பெட்டிய நானே கட்டிக்கறேன். கவுன்டர்ல தொறந்து காட்டறேன்."

"பிரமாதம். சஸ்பென்ஸ்," என்றார் அவர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, படம் எடுக்கப் பார்வையாளர் சீட்டில் வந்த பதிப்பாளரோடு சேர்த்து மூன்று பேரும் செக்-இன் வரிசையில் நின்றார்கள். கவுன்டரின் இந்தப் பக்கம் நிற்பது தராசக்காவுக்குக் கண்ணாடியில் தன் முதுகைப் பார்ப்பதுபோல் இருந்தது. பெல்ட் ஓடும் சத்தம் காலுக்கடியில் அதே அதிர்வோடு கேட்டது.

நாத்தனாரின் பெட்டி எடைத்தட்டில் ஏறியது. இருபத்தேழரை.

"நாலரை கிலோ அதிகம் மேடம்," என்றாள் கவுன்டர்ப் பெண். அப்போதுதான் நிமிர்ந்தவள், நாத்தனாரைத் தாண்டிப் பின்னால் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள். "தராசக்கா. நீங்களா."

"யாரு?" என்றார் பதிப்பாளர். போன் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க அக்கா சார். எங்க எல்லாருக்கும் பெட்டி பாக்கக் கத்துக்கொடுத்தவங்க. பத்தொம்பது வருஷம் இதே சீட்டு. எடை எந்திரம் பழுதான அன்னிக்கு முன்னூறு பெட்டிய கையாலயே தூக்கிப் பாத்து அனுப்பினாங்க, தெரியுமா?" பக்கத்துக் கவுன்டர்களிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று கை அசைத்தது.

பதிப்பாளர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் பெட்டியைப் பார்த்தாள்.

தராசக்கா தன் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினாள். சுருட்டிய துணி, நிறம் மங்கிய நடந்து பழகிய ஒரு ஜோடி ஷூ, அட்டையோடு இருந்த மாத்திரைகள், காலி தண்ணீர் பாட்டில். சிரிக்க எதுவுமில்லை. கையோடு கொண்டுபோக விடும் ஏழு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.

அதோடு போதும் என்று அவள் நினைத்திருக்கலாம். ஊர் பார்க்க, படத்தில் விழ, பெயர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் மனதைத் தொட்டுப் பார்த்தபோது அங்கே பசி அப்படியே இருந்தது. பெயர் திரும்பக் கிடைத்ததில் ஒரு கவளம் இறங்கியது, அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது வேறு.

அது சில நொடியில் வந்தது. நாத்தனார் பெட்டியைத் தரையில் கிடத்தித் திறந்தாள். ஒரு பையின் வாய் பிரிந்து, காற்றுப் புகுந்து, கம்பளிகள் உயிர் வந்ததுபோல் உப்பி எழுந்தன. இனி அது மூடாது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் முட்டி போட்டாள். துணிகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, கொஞ்சம் குனிங்களேன்."

தராசக்கா குனியவில்லை. "நீங்களே பண்ணிடுவீங்க," என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் நாத்தனாரை நீங்க என்றது அதுதான் முதல் முறை. "பக்கம் நாப்பத்தொண்ணு. அண்ணியோட மானத்த முட்டி போட்டு பொறுக்கினது நீங்கதானே. கை பழகியிருக்குமே."

நாத்தனாரின் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு இறங்கியது. அந்தப் பக்கத்தை அண்ணி படித்திருக்கமாட்டாள் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள் போல. பதிப்பாளர் போனைத் தாழ்த்தினார். மூன்று கோட்டையும் சில உடைகளையும் அவரே தன் கையில் வாங்கிக்கொண்டார். பெட்டியின் மேல் அவரும் ஒரு முட்டியை ஊன்றி அமுக்கிய பிறகுதான் ஜிப் நகர்ந்தது. இருபத்து மூன்றுக்கு வந்து பெல்ட்டில் போனது பெட்டி. அவர் அங்கேயே விடைபெற்றுக்கொண்டார். போகும்போது தராசக்காவைப் பார்த்துத் தலையை லேசாகக் குனிந்தார்.

சோதனை வாசலில் பாதி பாட்டில்கள் ஒன்றொன்றாகக் குப்பைத்தொட்டியில் விழுந்தன. "பாதி காலியாத்தானே இருக்கு," என்று நாத்தனார் கெஞ்சினாள். "பாட்டில் பெருசும்மா," என்றார் சோதனைக்காரர். தராசக்கா காலி பாட்டிலோடு கடந்துபோய் அந்தப் பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வாயில் எண் பதினான்குக்கு எதிரே இருவரும் ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தார்கள்.

"தெரிஞ்சேதானே கட்டினீங்க," என்றாள் நாத்தனார் கடைசியில்.

"புத்தகப்படி கட்டச் சொன்னீங்க."

"ஒரு கதை மாதிரி எழுதினேன் அண்ணி. ஒருத்தர் முட்டாளா இருந்தாத்தான் படிக்கறவங்களுக்குப் பிடிக்கும்னாங்க. நான் முட்டாளா இருந்தா யார் புத்தகத்த வாங்குவா?"

மன்னிப்பு என்று அதற்குள் எங்காவது இருக்கிறதா என்று தராசக்கா தேடிப் பார்த்தாள். இல்லை. நியாயம் மட்டும் இருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் நாத்தனாரின் பெயரை அழைத்தார்கள். பெட்டியில் பேட்டரி இருக்கிறது, கீழே சரக்குச் சோதனை அறைக்கு வர வேண்டும். ஓர் ஊழியர் வந்து அழைத்துக்கொண்டு போனார்.

அந்த அறை இரண்டு மாடி கீழே. திறந்து, எடுத்து, கையெழுத்துப் போட்டு, பெட்டியை விமானத்துக்கு அனுப்பிவிட்டு, ஆள் மறுபடி சோதனை வாசல் வழியாகத்தான் மேலே வர வேண்டும். முப்பத்தைந்து நிமிடம். வாயில் மூட முப்பது நிமிடம் இருந்தது. தராசக்கா கடிகாரத்தைப் பார்க்காமலே இதைக் கணக்கிட்டாள்.

பயணிகள் ஏறி முடியும்போது போன் வந்தது. நாத்தனாருக்கு மூச்சு இரைத்தது. "பெட்டி ஏத்திட்டாங்க. நான் வரிசையில நிக்கறேன். அஞ்சு நிமிஷம். நிறுத்தி வைக்கச் சொல்லுங்க அண்ணி, உங்களத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

வாயிலில் இருந்தது தெரியாத ஒரு புதுப் பெண். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உங்க டிக்கெட்ல இன்னொருத்தர் இருக்காங்களே மேடம். வராங்களா? வராங்கன்னா சொல்லுங்க, கொஞ்சம் வெயிட் பண்ணிப் பாக்கறேன்."

உடன் வருகிறவர் சொல்லும் ஒரு வார்த்தைக்குக் கதவு ஐந்து நிமிடம் திறந்திருக்கும். எந்த விதியிலும் எழுதியிராத இதை அவளே எத்தனையோ பேருக்காகச் செய்திருக்கிறாள். இந்த நொடி வரை அவள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். புத்தகம் செய்தது, எந்திரம் செய்தது, அவள் வெறுமனே தடுக்கவில்லை. இதற்குமேல் செய்தால் அது அவள் கை. அந்த வித்தியாசத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். பார்த்த பிறகும் அதுதான் வேண்டும் என்றிருந்தது.

"அவங்க வரல," என்றாள். "ஒடம்பு சரியில்லன்னு திரும்பிட்டாங்க."

பெண் எதையோ தட்டினாள். தராசக்கா குழாய்ப் பாதையில் நடந்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விமானத்துக்குள் காலெடுத்து வைத்தாள்.

அவளுக்கு ஜன்னலோர இருக்கை. நடு இருக்கை காலி. ஓரத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரர். கிளம்பும் நேரம் தாண்டியும் விமானம் நகரவில்லை. ஏறாத பயணியின் பெட்டியை இறக்காமல் கிளம்ப முடியாது. விமானி மன்னிப்புக் கேட்டு அதைத்தான் அறிவித்தார். கீழே லோடர்கள் சரக்கறையைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேடினார்கள். இருபத்து மூன்று நிமிடம் பிடித்தது. ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஆளே வந்திருப்பாள். அவளுடைய பெட்டிக்காக அவளில்லாமல் இத்தனை நேரம் நின்றது விமானம். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"யாரோ ஒருத்தர் நேரத்துக்கு வரலயாம்," ஓர இருக்கைக்காரர் சலித்துக்கொண்டார். "ஒருத்தருக்காக இருநூறு பேர் உக்காந்திருக்கோம். பிரயாணம்னா என்னன்னு தெரியாத ஜனங்க."

"புத்தகமே எழுதியிருக்காங்க," என்றாள் தராசக்கா. அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

மடியில் போன் அதிர்ந்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் யார் செய்தது என்று நாத்தனாருக்குத் தெரியாமலே போய்விட்டால் பிறகு இது வெறும் தாமதம்.

"கேட்ட மூடிட்டாங்க அண்ணி," நாத்தனாரின் குரல் உடைந்திருந்தது. "நீங்க சொல்லலயா? நான் திரும்பிப் போயிட்டதா சொல்றாங்க."

"நான்தான் சொன்னேன், நீங்க வரலன்னு."

"நாளைக்கு மேடையில நான் இல்லேன்னா..."

"நான் இருக்கேன். பெட்டி கட்டத்தானே கூப்பிட்டாங்க."

"அண்ணன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"நடந்தத சொல்லுங்க. எழுதறதா இருந்தா எழுதவும் எழுதுங்க. யார் ஏறினா, யார் ஏறலங்கறத மட்டும் இந்தத் தடவ மாத்திடாதீங்க."

துண்டித்தாள். அழவேண்டும்போல் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மனம் இரங்கும் என்று எதிர்பார்த்தாள், அதுவும் இல்லை. வயிற்றில் சூடாக ஏதோ இறங்கி நிறைந்திருந்தது. ஊருக்குத் திரும்பும்போது கணவனின் முகம் எப்படி இருக்கும், வாசல் கதவை யார் திறப்பார்கள் என்பதெல்லாம் ஒரு மூலையில் வரிசையாக நின்றன. நிற்கட்டும். வரிசையில் நிற்பவர்களைக் காக்கவைக்க அவளுக்குத் தெரியும்.

விமானம் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பணிப்பெண் வந்து அவள் இடுப்பைப் பார்த்து, "பெல்ட் மேடம்" என்றாள். தராசக்கா இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் கையில் எடுத்தாள். எதற்குள் எது போகும் என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இதை அவள் கண்ணால் பார்த்ததேயில்லை. காது சூடாகியது. ஓர இருக்கைக்காரர் தன்னுடையதைக் கழற்றி, மறுபடி மெதுவாக மாட்டிக் காட்டினார்.

ஒரு தடவைதான் பார்த்தாள். அவளுடையது சொடுக்கென்று விழுந்தது.